எடைக்கு எடை மல்லி

தராசு அசையவில்லை.

ஒரு தட்டில் என் அண்ணன் மகள் சங்கரி, பட்டுப் பாவாடையும் தலையில் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து தன் கட்டைவிரலைத் தின்றுகொண்டிருந்தாள். மறுதட்டில் மல்லிகை மொட்டு, குவியலாக. கூடையில் இருந்த பூவை எல்லாம் கொட்டியாகிவிட்டது. கூடையைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மொட்டுகளையும் அண்ணன் தட்டிப் போட்டுவிட்டான். அப்படியும் பூத்தட்டு மேலேயே தொங்கியது. பிள்ளைத்தட்டு தரையோடு தரையாகக் கிடந்தது.

எங்கள் குலதெய்வம் சாஸ்தா, கரிவலம்வந்தநல்லூருக்கு அந்தப்பக்கம் ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். மேலே மருதமரம், கீழே சாமி, அவ்வளவுதான் கோயில். மரக்கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். சுற்றிலும் பங்காளிக் கூட்டம். வேனில் வந்தவர்கள், பைக்கில் மூன்று பேராக வந்தவர்கள், கிடா வெட்டு உண்டு என்று யாரோ புரளி கிளப்பியதை நம்பி வந்தவர்கள். எல்லோர் முகத்திலும் பூரிப்பு. துலாபாரத்தில் பிள்ளை கனத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

பூரிக்காதவர்கள் நாங்கள் சில பேர்தான். அண்ணன் சுடலைமுத்து, சங்கரன்கோவில் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவன். சொந்த மகளின் நேர்ச்சைக்குப் பூப் பற்றவில்லை என்றால் மறுநாள் எந்த முகத்தோடு சந்தைக்குள் நுழைவான்? அடுத்து நான். அந்த வாரம்தான் டாக்டர் சங்கரியை நிறுத்தார். அந்த எடைக்கு மேல் ஒரு பிடி சேர்த்துத்தான் அண்ணன் பூ எடுத்து வந்தான். நாலைந்து நாளில் எந்தப் பிள்ளையும் இவ்வளவு ஏறாது. ஊட்டச்சத்துப் பட்டம் வாங்கியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

அண்ணன் மனைவி, கனகா மதினி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தைக் கண்டு கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் இந்தத் தொடரில் விடுதி ரசத்தைப் பற்றி எழுதப் போய்ப் பாதியில் தாத்தாவின் சைக்கிளுக்குள் விழுந்துவிட்டேன் என்று வாசகர் ஒருவர் கோபித்திருந்தார். இந்த வாரம் சைக்கிள் இல்லை. தராசு மட்டும்தான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

சங்கரி ஏழாம் மாதத்தில் பிறந்தாள். வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. அதற்குள் ஆம்புலன்ஸ், திருநெல்வேலி, கண்ணாடிப் பெட்டி.

முதல்முறை அவளைப் பார்த்தபோது அண்ணன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் எதைப் பார்த்தாலும் கை தானாக எடை போடும். “சில்லறைக்காரன் பையில வாங்கிட்டுப் போற பூ அளவுதாம்ட்டி இருக்கா” என்றான் என்னிடம். பிறகு கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நேர்ந்தான். பிழைத்துவிட்டால் முதல் பிறந்தநாளுக்கு சாஸ்தாவுக்கு எடைக்கு எடை மல்லி.

குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைப்பார்கள். அந்தச் சூட்டில் பிள்ளை தேறும். மதினி அசந்துபோகும் நேரத்தில் தகப்பனும் கட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொன்னதும் அண்ணன் சட்டையைக் கழற்றினான். மார்பு முழுக்க ரோமம். நர்ஸ் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “பரவால்ல அண்ணாச்சி, புள்ளைக்கு மெத்தை மாதிரி இருக்கும்” என்றார்.

சந்தையில் ஏலம் போட்டால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் குரல் அவனுடையது. அந்த அறையில் சத்தம் கூடாது. ஆனால் பிள்ளையிடம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கச் சொல்லியிருந்தார்கள். அவனுக்குத் தாலாட்டு தெரியாது. தெரிந்தது பூவிலை, அதைப் பேசினான். “மல்லி ஏறிட்டு மக்கா. பிச்சி இறங்கிட்டு. சம்பங்கி கேக்க ஆளில்ல.” காதோரம், காற்றைவிட மெதுவாக. வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் வரைக்கும் சங்கரியின் உச்சந்தலையில் ஆஸ்பத்திரி வாசனையோடு பூச்சந்தை வாசனையும் கலந்து அடித்தது.

ரெண்டு கணக்கு

நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருந்த காலம். சும்மா இருக்கத் தெரியாதவள் சும்மா இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் கஷ்டம்.

குறைமாதப் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும்போது, முன்னால் பிறந்த நாட்களைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இதை வீட்டில் கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினேன். எதிர்வீட்டில் அதே மாதம் பிறந்த பரணி தவழ்கிறான், சங்கரி இன்னும் குப்புறத்தான் விழுகிறாள் என்று யாராவது இழுத்தால், ரெண்டு மாதத்தைக் கழி என்று பாய்வேன்.

அண்ணனுக்கு இந்தக் கழித்தல் ரொம்பப் பிடித்துப்போனது. சந்தையில் யாராவது பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டால், “பெறந்த கணக்குல பத்து, டாக்டர் கணக்குல எட்டு” என்பான். எதிர்க்கடைக்காரர் கேட்டாராம்: “மகளுக்கே ரெண்டு கணக்கா வே? நீரு பொழைச்சுக்கிடுவீரு.”

ராயகிரியிலிருந்து வரும் அத்தைக்குத்தான் இது பிடிபடவில்லை. அப்பாவின் தங்கை. எனக்கும் அண்ணனுக்கும் அத்தை, மதினிக்குச் சித்தி முறை. வெள்ளாடும் மாடும் வளர்க்கிறவள். வாரம் ஒருமுறை ஒரு தூக்குவாளி நெய்யோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். “பூமியில விழுந்த அன்னைக்கே வயசு ஆரம்பிச்சாச்சு. அதெப்படிட்டி கழிப்ப? அப்ப எனக்கும் ஒரு பத்து வருசத்தக் கழி” என்றாள்.

கிள்ளி

கல்லூரியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். தோலை விரலால் மடித்துப் பிடித்து, அந்த மடிப்பின் கனத்தை அளப்பது. அதற்குப் பாடப்புத்தகத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் கிள்ளி.

எடை என்பது ஒரே சங்கதி இல்லை, சதை வேறு, கொழுப்பு வேறு என்பதை நிரூபிக்கக் கிளம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுவதையும் கிள்ளினேன். அண்ணன் பார்க்க ஒல்லி. கையில் மடிப்பே சிக்கவில்லை. பனியனைத் தூக்கி வயிற்றைப் பிடித்தால் மடிப்பு கிள்ளிக்குள் அடங்கவில்லை. ஒல்லிக்குள் இப்படி ஒரு சேமிப்பு இருக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு என் எதிரே அவன் பனியன் ஏறியதே இல்லை. அத்தையின் மேல்கையைப் பிடித்தேன். “படிக்க வச்சா கிள்ளவா செய்யிதா” என்று கையை உதறிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். தாய் வயிற்றில் கடைசி இரண்டு மாதத்தில்தான் பிள்ளைக்குச் சதையும் கொழுப்பும் சேரும். சங்கரிக்கு அந்த இரண்டு மாதம் கிடைக்கவில்லை. அதை வெளியே வந்த பிறகு ஈடுகட்ட வேண்டும். அவசரப்பட்டு நெய்யும் சர்க்கரையுமாகத் திணித்தால் எடை ஏறும், ஆனால் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. உயரம் கூடுகிறதா, தலைச்சுற்றளவு கூடுகிறதா, பிள்ளை தன் போக்கில் ஏறுகிறாளா என்று பார்க்க வேண்டும். டாக்டரும் அதைத்தான் சொன்னார். வளர்ச்சி அட்டையில் சங்கரி தன் கோட்டில் சரியாகப் போகிறாள், தொந்தரவு பண்ணாதீர்கள் என்றார்.

அத்தையிடம் இதை ஆட்டுப் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். சந்தையில் ஆடு பிடிக்கும்போது முதுகைத் தடவி, கறியா கொழுப்பா என்று பார்க்கிறாளே, கொழுத்த ஆட்டை வேண்டாம் என்று தள்ளுகிறாளே, பிள்ளை மட்டும் கொழுக்க வேண்டுமா என்று மடக்கினேன்.

“ஆடு வெட்டுறதுக்கு. புள்ள வாழுறதுக்கு. ரெண்டும் ஒண்ணாட்டி?”



மூடிய கதவு

இத்தனை பேரைக் கிள்ளிய நான், யாருக்காகக் கிள்ளக் கிளம்பினேனோ அந்தப் பிள்ளையை ஒருமுறைகூடக் கிள்ள முடியவில்லை. மதினி விடவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் சில நாளுக்குப் பிறகு சங்கரியை ஆடையில்லாமல் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில், மின்விசிறி நெருப்பைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளை முழுக்கைச் சட்டை, காலுறை, தொப்பி சகிதம் இமயமலைக்குக் கிளம்பியவள் மாதிரி கிடப்பாள். குளிப்பாட்டும்போது கதவு சாத்தியிருக்கும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுதான் வழக்கம். அத்தைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அவள் காலில் கிடந்து குளிக்காத பிள்ளை எங்கள் வகையறாவில் சங்கரி மட்டும்தான். அதில் அவளுக்குத் தீராத மனத்தாங்கல்.

கிருமி பயம் என்றுதான் நான் நினைத்தேன். அதற்கும் ஒரு சொற்பொழிவு வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் அதை ஆரம்பித்தபோது மதினி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“கிருமியும் இல்ல ஒண்ணும் இல்ல இசக்கி. சட்டையக் கழத்துனா பாக்கவங்க மூஞ்சி மாறுது. மொதல்ல புள்ளையப் பாக்காக, அடுத்தாப்ல என்னையப் பாக்காக. பால் இல்லையாட்டின்னு யாரும் வாய்விட்டுக் கேக்கல. ஆனா பாக்காகல்லா.”

சொற்பொழிவைப் பாதியில் நிறுத்தினேன். நான் எதையும் பாதியில் நிறுத்துகிறவள் இல்லை என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு யோசித்தேன். எடை, உயரம், தலை என்று நான் வீட்டில் பேசிய ஒவ்வொரு முறையும், அவள் காதில் விழுந்தது ஒரே கேள்விதான்: உன் பிள்ளை ஏன் இப்படி இருக்கிறாள்?

இந்த நிலையில்தான் நேர்ச்சை நாள் வந்தது. பங்காளிகள் அத்தனை பேர் முன்னால், பிள்ளை இவ்வளவுதான் என்று தராசு சொல்லப் போகிற நாள். டாக்டர் நிறுத்துச் சொன்னது ஏழரைக் கிலோ. ஏழரை என்றதும் அத்தை காதைப் பொத்திக்கொண்டாள். சனியின் கணக்கைச் சாமி முன்னால் நிறுக்கவா என்று அவளுக்குப் பதற்றம். மதினி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

மருதமரத்தடியில்

இப்போது தராசுக்குத் திரும்பலாம்.

முதல் பழி தராசின்மேல் விழுந்தது. சந்தையில் இப்போது எல்லாம் எலெக்ட்ரானிக். துலாபாரத்துக்கு இரண்டு தட்டு வேண்டும் என்பதால் பழைய இரும்புக் கடையிலிருந்து இரவல் வாங்கி, மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருந்தோம். “காயலான் கடைத் தராசு என்னைக்குலே உண்மை சொல்லியிருக்கு” என்றார் எங்கள் சின்னத் தாத்தா மகன், நாங்கள் சித்தப்பா என்று கூப்பிடும் மனிதர். பிள்ளையையும் பூவையும் இறக்கிவிட்டுப் பார்த்தோம். முள் நடுவில் நின்றது. மறுபடி ஏற்றினோம். மறுபடியும் பிள்ளை பாதாளத்தில்.

பெண்கள் தலையில் வைத்திருக்கும் பூவைக் கழற்றித் தரலாமே என்றது ஒரு குரல். சூடிய பூ சாமிக்கு ஆகாது என்று பத்துக் குரல் அதை அமுக்கியது. சந்தைக்கு ஆள் அனுப்பலாம் என்றால் அன்றைக்கு முகூர்த்தம். விடியும்போதே மல்லி தீர்ந்துவிட்டது. நேர்ச்சை குறைவது பெரிய குற்றம். பிழைத்த பிள்ளைக்கு அது ஆகாது என்று அத்தை வயதுக்காரிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பூரிப்பு மெல்லப் பயமாக மாறியது.

அண்ணன் கண் அப்போது பூசைக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடத்தின்மேல் போனது.

பூச்சந்தையில் ஒரு பாவம் உண்டு. மூட்டைக்குள் தண்ணீரைத் தெளித்துக் கொண்டுவந்தால் பூ கனக்கும். பூ கூடுவதில்லை, கனம் மட்டும் கூடும். அப்படி வரும் மூட்டைக்குள் கையை விட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவன் என்று அண்ணனுக்குப் பெயர். அந்த அண்ணன் குடத்தைத் தூக்கினான்.

“பூ வாடுது. லேசாத் தெளிச்சா நல்லது” என்றான், யாரையும் பார்க்காமல்.

பனவடலிசத்திரத்திலிருந்து அவனுக்குப் பூ கொண்டுவரும் மாமா ஒருவர் முன்வரிசையில் நின்றிருந்தார். அவருடைய எத்தனை மூட்டை திரும்பிப் போயிருக்கிறதோ. அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்தேன்.

மதினி நிமிர்ந்தாள்.

“கொடத்தக் கீழ வைங்க.”

“பூ வாடுதுட்டி.”

“பூ வாடல. சித்தி கருப்பட்டி கட்டியிருக்காக.”

யாருக்கும் புரியவில்லை. மதினி போய்ப் பிள்ளையின் பாவாடையைத் தூக்கினாள். இடுப்பைச் சுற்றி ஒரு துணி. அதற்குள் இரண்டு முழுக் கருப்பட்டி. வெயிலில் இளகத் தொடங்கியிருந்தது. தராசுக் கயிற்றின் வழியாக மருதமரத்து எறும்புகள் எங்களுக்கு முன்னாலேயே விஷயத்தைக் கண்டுபிடித்து வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவள் அசரவில்லை.

“கல்லையா கட்டுனேன்? கருப்பட்டி சாமிக்குப் படைக்கதுதான?” பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். “எல்லாம் இவளாலதான். புள்ளைக்கு இனிப்பு ஆகாது ஆகாதுன்னு ஒரு சொட்டு உள்ள போட விடமாட்டேங்கா. அதாம் வெளிய கட்டுனேன்.”

கூட்டம் சிரித்தது. பூசைக்கு நின்ற சாமியாடி வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்கு அந்தப்பக்கம் போனார். நானும் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை.

“சித்தியச் சொல்லாதீங்க” என்றாள். “அவுக கட்டும்போது நானும் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னைக்கு ஒரு நாளாவது கனத்த புள்ளையா இருக்கட்டும்னு தோணிச்சு.”

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மதினி முதலில் கருப்பட்டித் துணியை அவிழ்த்தாள். அதோடு விடுவாள் என்றுதான் நினைத்தோம். அடுத்துத் தொப்பி போனது. வெள்ளித் தண்டை, வெள்ளி அரைஞாண், பட்டுப் பாவாடை, அதற்குள் ஒரு சட்டை, அதற்குள் ஒரு பனியன். வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போனாள். பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் சங்கரி இடுப்பில் ஒரு கறுப்புக் கயிற்றோடு மட்டும் வெயிலில் உட்கார்ந்தாள்.

விலா எலும்புகளை எண்ணலாம். கைகளில் வளையல் போட்ட மாதிரி மடிப்பு எதுவும் இல்லை. மதினி பயந்திருந்தது இந்த ஒரு நொடிக்குத்தான். அது வந்தது. முகங்கள் மாறின.

“புள்ள மெலிவால்லா இருக்கு” என்றார் சித்தப்பா.

மதினி அவரை நேராகப் பார்த்தாள். “ஆமா மாமா, மெலிவுதான். எம்புள்ள எடை இதாம். அவுக அப்பா நேந்தது இந்த எடைக்குத்தான்.”

அண்ணன் குடத்தை வைத்துவிட்டுப் பூத்தட்டின் கயிற்றைச் சரிசெய்தான். கையை எடுத்தான். பூத்தட்டு மெதுவாக, அந்த ஒரு பிடி கனத்தில், இறங்கியது. பிள்ளை மேலே ஏறினாள்.

தரை விலகிப் போவதைச் சங்கரி குனிந்து பார்த்தாள். விரலை வாயிலிருந்து எடுத்தாள். இரண்டு கையாலும் தராசுக் கயிற்றைப் பிடித்து இழுத்து, புட்டத்தைத் தூக்கி, ஒரு காலை ஊன்றி, மறுகாலையும் ஊன்றி எழுந்து நின்றுவிட்டாள். வீட்டில் அதுவரை அவள் நின்றதே இல்லை. அல்லது அத்தனை துணிக்குள் அவளால் நிற்க முடிந்ததில்லை. குச்சிக் கால்கள்தான். ஆனால் அந்தக் குச்சி இரண்டும் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்து நின்றன. நின்றதோடு விடவில்லை, முழங்காலை மடக்கி மடக்கிக் குதித்தாள். தட்டு ஆடியது, முள் ஆடியது, மறுபக்கம் மல்லி சிதறிச் சாமி தலையில் விழுந்தது.

“ஆட்டாத மக்கா, நிறுக்க வேண்டாமா” என்று அண்ணன் ஏலக் குரலில் கத்தினான். குளத்தில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன. அவள் அதற்கும் குதித்தாள்.

சாமியாடி திருநீறு பூசி, நேர்ச்சை நிறைந்தது என்று சொல்லிவிட்டார். பக்தியா, இனிமேல் பிள்ளை ஆடுவதை நிறுத்தாது என்ற கணிப்பா, தெரியவில்லை. அத்தை அந்த இரண்டு கருப்பட்டியையும் எறும்பு தட்டி உடைத்து எல்லோர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் பெரிய துண்டு. ஊட்டச்சத்துப் பட்டதாரி மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றேன்.

மதினி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் போய்த் திருநீறு வாங்கினாள். அத்தனை பேரும் பார்த்தார்கள். அவளும் பார்க்கவிட்டாள். கடைசியாகச் சித்தப்பாவிடம் வந்தாள். அவர் திருநீறு பூசிவிட்டு, என்ன நினைத்தாரோ, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பிள்ளையைப் போர்த்தக் கையை நீட்டினார்.

“வேண்டாம் மாமா” என்றாள் மதினி. “காத்து படட்டும்.”